சேறும் சர்பத்தும்

காரங்காட்டில் படகு ஏறுவதற்கு முன் ஒரு நண்டு சூப். எனக்குப் பழகிப்போன ஒழுங்கு அது. துறைக்குப் பக்கத்தில் ஊர்ப் பெண்கள் நடத்தும் கடையில் காகிதக் கப்பில் ஊற்றித் தருவார்கள். மிளகு தூக்கலாக இருக்கும். அடியில் ஒரு காலோ ஓட்டுத் துண்டோ கிடக்கும். அதை எடுத்து உறிஞ்சிவிட்டுத்தான் கப்பைக் கூடையில் போட மனம் வரும். இந்த முறை அக்கா மகன் கூட வந்திருந்தான். பெங்களூரில் இறைச்சிச் செல் வளர்க்கும் ஒரு கம்பெனியில் வேலை. ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுவும் மீடியாதான் மாமா" என்றான்.

மீடியா என்றால் எனக்குப் பேப்பர், டிவி. அவனுக்கு அது வேறு. செல்லைக் குடுவையில் வளர்க்கும்போது அதைச் சுற்றி நிற்கும் திரவம். வளர்ப்பூடகம் என்று பாடப்புத்தகத் தமிழில் எழுதலாம். ஆனால் அந்த வேலை செய்கிற பிள்ளைகள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "மீடியா மாத்தணும்", "மீடியா கெட்டுப்போச்சு", அவ்வளவுதான். போனில் படம் காட்டினான். பாட்டிலில் ரோஜா சர்பத் மாதிரி ஒன்று. நிறம் ஊட்டத்தினுடையது அல்ல, ஃபீனால் ரெட் என்ற சாயம். செல்கள் தின்று கழிக்கக் கழிக்கத் திரவம் புளித்து மஞ்சளாகும். மஞ்சளானால் மாற்ற நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

"மாத்திட்டுப் பழசை எங்கடா ஊத்துவீங்க?"

"அப்படியே ஊத்த முடியாது மாமா. பிளீச் போடணும், இல்லன்னா ஆட்டோகிளேவ்ல வேக வைக்கணும். அப்புறம்தான் வெளிய."

படகுக்காரர் கூப்பிட்டார். போனோம்.

*

தேவிபட்டினம் தாண்டித் தொண்டி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் திரும்பினால் காரங்காடு. மீனவக் கிறிஸ்தவர்களின் ஊர். கோட்டக்கரையாறு பாக் விரிகுடாவில் கலக்கிற இடம். ஆறு என்று மரியாதைக்குத்தான் சொல்ல வேண்டும், வருஷத்தில் பாதி நாள் கடல்தான் அதற்குள் ஏறி நிற்கும். அந்த உப்பும் நன்னீரும் சண்டை போடும் சேற்றில் அலையாத்திக் காடு நிற்கிறது. பெரும்பாலும் வெண்கண்டல். பிச்சாவரம் அளவுக்குப் பெரிய காடு அல்ல, சினிமாவிலும் அவ்வளவாக வந்ததில்லை. வனத்துறையும் ஊராரும் சேர்ந்து படகு விடுகிறார்கள். துடுப்புப் படகும் உண்டு.

வாய்க்காலுக்குள் நுழைந்ததும் படகுக்காரர் எஞ்சினை அணைத்துக் கம்பு ஊன்றத் தொடங்கினார். இரண்டு பக்கமும் மூச்சுவேர்கள். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நட்டுக்கொண்டு, ஒரு மரத்துக்கே நூற்றுக்கணக்கில். கீழே சேற்றில் காற்று இல்லாததால் வேர் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. ஒரு இலையைப் பறித்து மருமகனிடம் கொடுத்து நக்கிப் பார்க்கச் சொன்னேன். முகத்தைச் சுளித்தான். உப்பு. உறிஞ்சிய உப்பை இலை வழியாகத் துப்பிவிடுகிற மரம் இது. வெயில் ஏறினால் இலையில் உப்பு பூத்துப் பளபளக்கும்.

"லிட்டருக்கு ஆறரை கிராம் உப்பு போடுவோம் மாமா. கடல் தண்ணில முப்பத்தஞ்சு இருக்கும்."

அந்த ஆறரை கிராமின் கதை சுவாரசியமானது. 1880களின் தொடக்கத்தில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளையின் இதயத்தை உடலுக்கு வெளியே எடுத்து உப்புக் கரைசலில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். நன்றாகத் துடித்தது. பிறகு பார்த்தால், கரைசல் செய்தது வடிநீரில் அல்ல, குழாய்த் தண்ணீரில். ஒழுங்காக வடிநீரில் செய்த கரைசலை ஊற்றியதும் துடிப்பு மங்கி நின்றது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் இதயத்தை ஓட்டியிருக்கிறது. 1883இல் அதைத் திருத்தி எழுதினார். இன்று ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற குளுக்கோஸ் பாட்டிலின் பக்கத்தில் தொங்கும் ரிங்கர் லாக்டேட்டில் அவர் பெயர்தான். செல்வளர்ப்பு அறிவியலின் முதல் பாடமே அழுக்குத் தண்ணீர் சொல்லிக் கொடுத்தது என்பதை நான் மருமகனிடம் சொன்னேன். "அதுக்கப்புறம் நாங்க சுத்தமாயிட்டோம்" என்று சிரித்தான்.

சுத்தமாக ரொம்ப நாள் ஆனது. 1912இல் அலெக்சிஸ் காரெல் கோழிக்கருவின் இதயத் திசுவைக் கண்ணாடியில் வளர்க்கத் தொடங்கினார். 34 வருஷம் அது சாகவில்லை என்று உலகம் நம்பியது. ஆனால் அதற்குத் தீனி என்ன? கோழிக்கருவைப் பிழிந்த சாறு. சாற்றோடு புதுச் செல்களும் உள்ளே போய்க்கொண்டே இருந்திருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். ஒரு கோழியைச் சாகாமல் வைக்க எத்தனை கோழி என்று யாரும் கணக்கு வைத்ததாகத் தெரியவில்லை. சர்ச்சில் 1931இல் எழுதிய கட்டுரை ஒன்றில், நெஞ்சுக்கறிக்காகவும் இறக்கைக்காகவும் முழுக் கோழியை வளர்க்கிற அபத்தம் ஐம்பது வருஷத்தில் ஒழியும், வேண்டிய பாகத்தை மட்டும் வளர்த்துக்கொள்வோம் என்றார். எதில் வளர்ப்பது என்பதை ஓரிரு சொல்லில் தாண்டிப் போய்விட்டார். அந்த ஓரிரு சொல்தான் இன்று வரை வழிமறித்து நிற்கிறது.

1950களில் ஹாரி ஈகிள் பொறுமையாக உட்கார்ந்து, விலங்குச் செல்லுக்குக் குறைந்தபட்சம் என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போட்டார். 13 அமினோ அமிலம், சில வைட்டமின், உப்புகள், குளுக்கோஸ். எல்லாம் கடையில் வாங்கக்கூடியவை. அதன் பிறகும் கொஞ்சம் சீரம் ஊற்றாமல் செல் வளரவில்லை. கருவிலிருக்கும் கன்றின் ரத்தச் சீரம் அதற்கு நன்றாக ஒத்துப்போனது. சினைமாட்டைக் கசாப்புக்கூடத்தில் அறுக்கும்போது கருப்பையிலிருந்து கன்றை எடுத்து, இதயத்தில் ஊசி ஏற்றி ரத்தம் எடுப்பார்கள். 2002இல் வந்த ஒரு மதிப்பீடு, உலகம் முழுக்க வருஷத்துக்கு 5 லட்சம் லிட்டர் சீரம், அதற்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கருக்கன்றுகள் என்றது. பெரும்பகுதி மருந்துக்கும் தடுப்பூசிக்கும் ஆராய்ச்சிக்கும் போனது. 2013 ஆகஸ்டில் லண்டனில் மார்க் போஸ்ட் சமைக்க வைத்துக் காட்டிய, இரண்டரை லட்சம் யூரோ செலவான அந்த ஒற்றை பர்கரும் அந்தச் சீரத்தில் வளர்ந்ததுதான். மாட்டைக் கொல்லாமல் மாட்டிறைச்சி என்று பேப்பர்கள் எழுதின. கன்றைப் பற்றி அப்போது கொஞ்சம் பேர்தான் பேசினார்கள்.

இன்று வளர்ப்பு இறைச்சிக் கம்பெனிகள் சீரத்தைக் கைவிட்டுக்கொண்டிருக்கின்றன. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. 2020 டிசம்பரில் சிங்கப்பூர் உலகிலேயே முதலாக செல்லிலிருந்து வளர்த்த கோழிக்கறியை விற்க அனுமதித்தபோது அதில் கொஞ்சம் சீரம் இருந்தது. 2023 ஜனவரியில் சீரமில்லாத மீடியாவுக்கும் அனுமதி வந்துவிட்டது. சீரத்தின் வேலையைச் செய்ய இப்போது இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், ஆல்புமின், வளர்ச்சிக் காரணிகள் என்று சில புரதங்களை பாக்டீரியாவிலும் ஈஸ்டிலும் தயாரித்துக் கலக்கிறார்கள். கன்று தப்பித்தது. கணக்கு வேறு பக்கம் ஏறியது.

*

படகுக்காரர் கம்பைச் சேற்றில் குத்தி நிறுத்தி, "அங்க பாருங்க சார்" என்றார். ஒரு நண்டு வளைக்குள் பழுத்த இலையை இழுத்துக்கொண்டிருந்தது. இலை பெரிது, வளை சிறிது. மடித்து, திருப்பி, மறுபடி இழுத்து. கல்யாண வீட்டு வாசலில் பீரோ இறக்குகிற மாதிரி.

வெண்கண்டல் உதிர்க்கும் இலையை நேராகத் தின்னும் பிராணி குறைவு. முதலில் பூஞ்சையும் பாக்டீரியாவும் ஏறி அதைப் பதப்படுத்த வேண்டும். நண்டு கிழித்துப் போட வேண்டும். அழுகி மட்கிய துகளில்தான் சத்து கூடுகிறது, ஏனென்றால் துகளைச் சுற்றி நுண்ணுயிர் அப்பியிருக்கிறது. ஃபுளோரிடாவில் வில்லியம் ஓடமும் எரிக் ஹீல்டும் 1960களின் கடைசியில் அலையாத்திக் காட்டு மீன்களின் குடலைக் கிழித்துப் பார்த்து, இந்த மட்கிய இலையில் தொடங்கும் சங்கிலியை எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள், இலை மட்டும் இல்லை, சேற்றின் மேல்தோலில் படியும் கண்ணுக்குத் தெரியாத பாசிக்கும் பெரிய பங்கு உண்டு என்று திருத்தின. எப்படியோ, இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் கொடுவாக் குஞ்சும் இந்தச் சேற்றைத் தேடி வருகின்றன. ஒன்று கழிப்பது இன்னொன்றுக்குத் தீனி. கழிவில் வரும் அம்மோனியாவைப் பாசி எடுத்துக்கொள்கிறது, பாசியை இறால் குஞ்சு எடுத்துக்கொள்கிறது.

குடுவையில் இது நடக்காது. அங்கே ஒரே ஒரு இனச் செல்தான் இருக்கலாம். அது தின்கிற குளுக்கோஸ் லாக்டேட்டாகவும், அமினோ அமிலம் அம்மோனியாவாகவும் வெளியே வருகிறது. அதை எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. சேர்ந்தால் செல்லுக்கே விஷம். எனவே மாற்று, மறுபடி ஊற்று. அது மட்டும் அல்ல, வேறு எதுவும் உள்ளே வந்துவிடக் கூடாது. பாக்டீரியா இருபது நிமிஷத்தில் இரட்டிக்கும், விலங்குச் செல்லுக்கு ஒரு நாள் போல ஆகும். சாப்பாட்டுப் பந்தியில் யார் முந்துவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மருமகன் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் ஒரு ஈஸ்ட் உள்ளே புகுந்து, ஒரு வாரத்து மீடியா முழுதும் மோர் மாதிரி கலங்கிப் போயிருக்கிறது. யார் கையிலிருந்து வந்தது என்று மூன்று நாள் விசாரணை. "வீட்ல அம்மா இட்லி மாவு ஆட்டின கையோட போனியான்னு கேட்டாங்க மாமா." அக்கா இன்னும் அதற்காகக் கோபமாக இருக்கிறாள்.

*

சுற்றுச்சூழல் கணக்கு இந்த இடத்தில்தான் பிளவுபடுகிறது. 2011இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஹன்னா டுவோமிஸ்டோவும் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த டெய்ஷைரா தெ மாட்டோஸும் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஐரோப்பாவின் வழக்கமான இறைச்சியோடு ஒப்பிட்டால் வளர்ப்பு இறைச்சியில் பசுங்குடில் வாயு 78 முதல் 96 சதவீதம் குறையும், நிலம் 99 சதவீதம் மிச்சமாகும். மேடைகளில் பல வருஷம் ஓடிய எண்கள் இவை. அதில் செல்லுக்குத் தீனி என்னவென்றால், குளத்தில் வளர்த்த நீலப்பச்சைப் பாசியை வேகவைத்துப் பிழிந்த சாறு. பாசிக்கு வெயில் போதும். அதனால் கணக்கு இறங்கியது. ஆனால் யாரும் அந்தச் சாற்றில் பெரிய அளவில் இறைச்சி வளர்த்திருக்கவில்லை. அது ஒரு அனுமானம்.

2023 மே மாதம் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து டெரிக் ரிஸ்னரும் கூட்டாளிகளும் நேரெதிர்க் கணக்கோடு வந்தார்கள். இன்றைக்கு உள்ளபடி மருந்துத் தரத்துக்குச் சுத்திகரித்த மீடியாவை ஊற்றினால், கிலோவுக்கு ஆகும் புவி வெப்பமூட்டும் சுமை கடையில் விற்கும் மாட்டிறைச்சியைப் போல 4 முதல் 25 மடங்கு. அவர்கள் கை நீட்டிய காரணம் எண்டோடாக்சின். பாக்டீரியா செத்த பிறகும் அதன் தோலின் துணுக்கு தண்ணீரில் மிதக்கும். துளி இருந்தாலும் விலங்குச் செல் மிரளும். அதை நீக்கத்தான் அத்தனை வடிகட்டல், அத்தனை நீராவி, அத்தனை மின்சாரம். தொழில்துறை ஆட்கள் உடனே மறுத்தார்கள். மருந்துத் தரம் தேவையில்லை, உணவுத் தரம் போதும், எங்கள் தொழிற்சாலை அப்படி இருக்காது என்றார்கள். இருக்கலாம். நெதர்லாந்தின் சிஇ டெல்ஃப்ட் நிறுவனம் போட்ட கணக்கில் மின்சாரம்தான் பெரிய சுமையாக நின்றது. அதைக் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் எடுத்தால் மாட்டிறைச்சியைவிட வெகுவாகக் குறையும் என்று அவர்கள் சொன்னார்கள்.

ஆக, இறைச்சி ஒன்றே. சாறு மாறினால் முடிவு தலைகீழாகிறது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. எங்கள் பக்கத்தில் மீன் வாங்குகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வியே "எங்க மேஞ்சது?" என்பதுதான். மடவை ஒன்றே. கழிமுகத்தில் மேய்ந்ததற்கும் சாக்கடை கலக்கிற இடத்தில் மேய்ந்ததற்கும் குழம்பில் வித்தியாசம் தெரியும்.

வளர்ப்பு இறைச்சியிடமும் அதையே கேட்டால், பதில் குடுவையோடு நிற்காது. குளுக்கோஸ் மக்காச்சோளத்திலிருந்து வரலாம். இங்கென்றால் பெரம்பலூர்ப் பக்கத்துக் காடு. அமினோ அமிலங்களை இன்னொரு தொட்டியில் பாக்டீரியா தயாரிக்கிறது. 1950களில் ஜப்பான்காரர்கள் குளூட்டமேட் சுரக்கும் கோரினிபாக்டீரியத்தைக் கண்டுபிடித்ததிலிருந்து, அஜினோமோட்டோ உப்பு முதல் கோழித் தீவன லைசின் வரை அந்த வழிதான். அந்த பாக்டீரியாவுக்கும் சர்க்கரை வேண்டும், அம்மோனியா வேண்டும். அம்மோனியா இயற்கை எரிவாயுவிலிருந்து. ஒரு செல்லுக்குப் பின்னால் ஒரு தொட்டி, தொட்டிக்குப் பின்னால் ஒரு வயல், வயலுக்குப் பின்னால் ஒரு உரத் தொழிற்சாலை. மாடு தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்த பாக்டீரியாவை நாம் வெளியே எடுத்து, கட்டடம் கட்டி, ஏசி போட்டு உட்கார வைத்திருக்கிறோம்.

*

இதைப் படிக்கிறவர்கள், சேறே போதும், குடுவை எதற்கு என்று நான் சொல்லப்போவதாக நினைத்துவிட வேண்டாம். சேற்றின் பக்கத்திலேயே வேறு ஒன்று நடந்திருக்கிறது.

1990களில் தமிழ்நாட்டுக் கடற்கரையில் இறால் பண்ணைகள் பெருகின. தஞ்சை, நாகையில் தொடங்கி எங்கள் தொண்டி, தேவிபட்டினம் பக்கம் வரை. உப்புத்தண்ணீர் நிலத்தடியில் இறங்கிக் கிணறுகள் கெட்டன. வழக்குப் போட்டவர் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன். பிறந்தது இந்த இராமநாதபுரம் சீமையின் செங்கப்படையில். 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை இடிக்கச் சொன்னது. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்துக்கு ஒரு சட்டம் கொண்டுவந்து, பண்ணைகளுக்குப் பதிவு முறை ஒன்றை ஏற்படுத்தியது. பண்ணைகள் போய்விடவில்லை.

இன்றைய வெள்ளை இறால் பண்ணைக்குள் போய்ப் பாருங்கள். குஞ்சு விடும் முன் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர். நோயைச் சுமந்து வரும் என்று நண்டு நுழையாமல் சுற்றிலும் வலை. காகம், கொக்கு இறங்காமல் மேலே கயிறு. காலைக் கழுவ மருந்துத் தண்ணீர். காரங்காட்டுச் சேற்றில் இறாலோடு கூடப் பிழைத்த அத்தனையையும் வெளியே நிறுத்திவிட்டு, அவை செய்த வேலையை மோட்டார், காற்றூட்டும் சக்கரம், பாக்கெட்டில் வரும் புரோபயாடிக் என்று காசு கொடுத்து வாங்குகிறோம். சேற்றிலிருந்து குளம், குளத்திலிருந்து குடுவை. ஒவ்வொரு படியிலும் வெளியே நிற்பவர்கள் கூடுகிறார்கள், கரண்டு பில்லும் கூடுகிறது.

தீவனத்தையும் சொல்ல வேண்டும். இறால் தீவனத்தில் மீன்தூள் உண்டு. இராமேஸ்வரம், பாம்பன், மண்டபத்துப் பேச்சில் சங்காயம் என்று ஒரு சொல் இருக்கிறது. விசைப்படகின் இழுவை மடியில் அள்ளி வரும் பொடிமீன், குஞ்சு, நசுங்கியது, பெயர் தெரியாதது, எல்லாம் சேர்ந்த குவியல். சாப்பிட எடுப்பது போக மிச்சம். கரையில் மலையாகக் கொட்டி, மண்வெட்டியால் அள்ளி லாரியில் போடுவார்கள். அந்த வாடை சட்டையில் ஏறினால் இரண்டு துவைப்பு தாங்கும். நாளைக்கு ஒரு கிலோ ஆகியிருக்க வேண்டிய குஞ்சு அதில் விரல் நீளத்தில் கிடக்கும். அது மீன்தூளாகி, கோழிக்கும் வளர்ப்பு இறாலுக்கும் போகிறது. பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் நாள் பிரித்துக் கொடுத்தும், ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் தடை வைத்தும், சங்காயம் குறைந்ததாக எந்த நாட்டுப்படகுக்காரரும் என்னிடம் சொன்னதில்லை.

எனவே 2024 ஜனவரியில் கொச்சியிலிருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், டெல்லியின் நீட் மீட் பயோடெக் கம்பெனியோடு சேர்ந்து ஆய்வகத்தில் வாவலும் வஞ்சிரமும் வளர்க்கப் போவதாக ஒப்பந்தம் போட்டபோது, நான் கேலி செய்யவில்லை. செல் வரிசையை உருவாக்குவது நிறுவனத்தின் பொறுப்பு. மீடியாவைச் செப்பனிடுவது கம்பெனியின் பொறுப்பு. அந்தப் பங்கீட்டில் கடினமான பாதி எது என்று மருமகனைக் கேட்டேன். "ரெண்டும்தான். ஆனா காசு மீடியாலதான் கரையும்." மீன் செல்லுக்கு ஒரு சௌகரியம் உண்டு. மாட்டுச் செல்லைப் போல 37 டிகிரியில் வைத்துக் காக்க வேண்டாம், குறைந்த சூட்டிலேயே வளரும். சங்கடமும் உண்டு. பல வருஷமாக உலகத்து ஆய்வகங்களில் மீன் செல்லுக்கு ஊற்றியதும் கன்றின் சீரம்தான். கடல் மீன் சதைக்குக் கருக்கன்றின் ரத்தம். எங்கள் ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

இந்த நிறுவனத்துக்கும் எங்கள் மாவட்டத்துக்கும் பழைய உறவு. 1947இல் தொடங்கி, 1949இல் மண்டபம் முகாமுக்கு வந்து, 1971இல்தான் தலைமையிடம் கொச்சிக்குப் போனது. மண்டபம் முகாம் என்றதும் வேறு நினைவும் வரும். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளைக் கப்பலேற்றும் முன் அடைத்து வைத்து, நோய் இல்லை என்று பார்த்து அனுப்பிய இடம் அது. குளிப்பாட்டி, துணியை வேகவைத்து, நாள் எண்ணி. சுத்தம் என்ற சொல்லுக்கு இந்தக் கடற்கரையில் கொஞ்சம் கனம் அதிகம். எங்கள் பாட்டி வீட்டில் அந்த முகாமை 'கேம்பு' என்றுதான் சொல்வார்கள், சொல்லும்போது குரல் தாழும்.

மண்டபத்து மண்டல மையம் இன்றும் இருக்கிறது, கடல் விரால் குஞ்சு பொரிக்கிறார்கள். குடுவை முயற்சி மீனோடு நிற்கவில்லை. சிங்கப்பூரில் சந்தியா ஸ்ரீராமும் கா யி லிங்கும் 2018இல் ஷியோக் மீட்ஸ் தொடங்கி இறால் செல் வளர்க்க முயன்றார்கள். 2024இல் அது உமாமி பயோவொர்க்ஸோடு இணைந்துவிட்டது. கண்ணாடியில் நீண்ட நாள் பெருகுகிற இறால் செல் வரிசையை உண்டாக்குவது உலகம் முழுக்கவே பெரும் பாடாக இருக்கிறது. இங்கே, மூச்சுவேருக்கு நடுவில், யாரும் கேட்காமலே வளர்கிறது.

*

திரும்பும் வழியில் மருமகன் ஒரு யோசனை சொன்னான். மாமா, இந்த மாவட்டத்துலயே எல்லாம் இருக்கு. உப்புக்கு வாலிநோக்கம். கரண்டுக்குக் கமுதி, 2016லயே 648 மெகாவாட் சோலார். பாசிக்குக் கடல் முழுக்க இடம். ஜப்பானில் தத்சுயா ஷிமிசுவின் குழு குளோரெல்லா பாசியைப் பிழிந்த சாற்றில் மாட்டுத் தசைச் செல்லை வளர்த்துக் காட்டியிருக்கிறது. சர்க்கரைக்கும் அமினோ அமிலத்துக்கும் சோளக் காட்டை நம்ப வேண்டாம். செல்லின் கழிவையே பாசிக்குக் கொடுக்கலாம்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. கழிவைப் பாசிக்குக் கொடு, பாசியைச் செல்லுக்குக் கொடு என்றால், குடுவை கொஞ்சம் கொஞ்சமாக இந்த வாய்க்காலாக ஆகப் பார்க்கிறது என்று தோன்றியது. அவனிடம் சொல்லவில்லை. 'பெப்சி பாசி' என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அவன் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் மண்டபத்துக்கு வெளிநாட்டுக் கப்பாஃபைகஸ் பாசி வந்தது. 2000 வாக்கில் பெப்சி கம்பெனி ஒப்பந்தத்துக்கு வளர்க்க வைத்ததால் அந்தப் பெயர். மூங்கில் மிதவையில் கட்டி வளர்த்த பெண்கள் கையில் காசு பார்த்தார்கள், அதை மறுக்க முடியாது. 2008இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குருசடைத் தீவில் அது பவளத்தின் மேல் படர்ந்து மூடியிருப்பதை எழுதினார்கள். இப்போது தொண்டிப் பக்கம் வலமாவூரில் கடற்பாசிப் பூங்கா வருகிறது, 2023இல் அடிக்கல் போட்டாயிற்று, 127 கோடி ரூபாய். அந்தப் பாசி நாளைக்கு உரமாகலாம், ஜெல்லியாகலாம், சர்பத்தாகவும் ஆகலாம்.

தண்ணீர் என்று ஒன்று பாக்கி இருந்தது. மீடியாவில் பெரும்பங்கு தண்ணீர்தான், அதுவும் பல தடவை வடிகட்டியது. இராமநாதபுரத்தில் குடிக்கிற தண்ணீர் காவிரியிலிருந்து குழாயில் வருகிறது, வராத நாளில் குடத்துக்குக் காசு. "அதை எங்கருந்து எடுப்ப மாப்ள?" என்றேன். அவன் போனை எடுத்து எதையோ தேடத் தொடங்கினான்.

கரையில் ஒரு அம்மாவிடம் மடவை வாங்கினேன், நாலு. "வாய்க்கா மடவதான், வேணும்னா வயித்த அமுக்கிப் பாருங்க" என்றார். அமுக்கினேன், கெட்டியாக இருந்தது.

வீட்டில் அக்கா கிணற்றடியில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தாள். மடவையின் வயிற்றில் கோழிக்கு இருப்பது போல ஒரு அரைவைப்பை உண்டு, விரல்நுனி அளவு, கெட்டியான தசை. சேற்றை விழுங்கி, மணலோடு அரைத்து, சத்தை எடுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் அதைத் தனியாக எடுத்துக் கழுவிக் குழம்பில் போடுவார்கள், சின்னப் பிள்ளைகள் அதற்குச் சண்டை போடும். அக்கா அதை நடுவில் பிளந்தாள். உள்ளே கறுப்பாகச் சேறு. காரங்காட்டுச் சேறு. விரலால் வழித்து எடுத்தபோது மழை பெய்த கண்மாய்க் கரை வாசனை வந்தது.

மருமகன் குனிந்து பார்த்தான். "இதை மைக்ராஸ்கோப்ல வச்சா என்னென்ன இருக்கும் தெரியுமாம்மா?"

"உன் கைய முதல்ல கழுவு. அங்க போயி எதையாவது கெடுத்துட்டு என்னச் சொல்லுவ" என்றாள் அக்கா.

நாலு மடவையும் ஆய்ந்து முடித்ததும், சட்டியில் நின்ற கலங்கல் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய் முருங்கை மரத்தடியில் ஊற்றினாள்.